இரண்டு வண்டிக்கு ஒரு விசில்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் தங்கையும் சுகமாக இருக்கிறோம். உன் அப்பாவும் சுகம்தான், ஆனால் அப்படி எழுதினால் அவருக்குக் கோபம் வரும், அதனால் முழங்கால் வலி, முதுகு வலி, ஊர் உலகத்தின் மேல் வருத்தம் என்று சேர்த்துக்கொள். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன தடவை அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, வெளிச்சம் சரியில்லை என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறாளே என்று நினைக்காதே. போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் வராது. உட்கார்ந்து முழுசாகப் படி, நடுவில் இறங்கக் கூடாது.

உன் தங்கை கல்யாண விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். நீ கேட்டதற்குப் பிறகு அது ஒரு தடவை அறுந்து, ஊரே கூடி வேடிக்கை பார்க்கும்படி ஆகி, என்னென்னவோ நடந்துவிட்டது, அதனால் வரிசையாகச் சொல்கிறேன். பையனை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன், ஒல்லி, யார் பேசினாலும் தலையைச் சாய்த்துக் கேட்பான், மெஷின் சத்தம் கேட்டுக் கேட்டு வந்த பழக்கமாம். அவனுக்கு மாற்றல் வந்திருக்கிறது. இங்கிருந்து ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரயிலில் போக வேண்டிய ஊர். அவன் போவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் சம்மதம். உன் தங்கை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். இரண்டு அப்பாக்களும் பக்கத்தில் நிற்க வேண்டும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் நிற்க வேண்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். நியாயமான ஆசைதான். ஆனால் பையனின் அப்பா பஸ் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன். உன் அப்பா டிராம்காரர்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே டிராம் நின்றுவிட்டதால் இந்தப் பகையின் ஆழம் உனக்குத் தெரியாது. கம்பெனி ஒன்றுதான், சம்பளம் கொடுத்த ஜன்னல் ஒன்றுதான், டெப்போ வாசலும் ஒன்றுதான். ஆனால் உள்ளே நுழைந்தால் இடது பக்கம் டிராம் ஷெட், வலது பக்கம் பஸ் ஒர்க்‌ஷாப், அங்கே இருப்பவர் இங்கே வந்து ஒரு ஸ்பானர் கேட்டால்கூட, வீடு புகுந்து பெண்ணைத் தூக்க வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். வண்டிகளுக்கு எண் போட்டபோது டிராமுக்கெல்லாம் இரட்டைப்படை, பஸ்ஸுக்கெல்லாம் ஒற்றைப்படை என்று பிரித்துத்தான் போட்டார்கள். அதிலும் ஒன்றாம் எண் பஸ்ஸுக்குப் போய்விட்டதே என்று டிராம்காரர்கள் நான் வேலைக்குச் சேர்ந்த நாள்வரை பேசிக்கொண்டிருந்தார்கள், நான் ஓய்வு பெற்ற நாள்வரையும் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர்கள் நாங்கள் மட்டும்தான் இரண்டு பக்கமும் போய்வருவோம். டிராமில் டியூட்டி என்றால் பஸ்காரர்களைப் பற்றிய புகாரைக் கேட்க வேண்டும், பஸ்ஸில் டியூட்டி என்றால் டிராம்காரர்களைப் பற்றிய புகாரைக் கேட்க வேண்டும். நடுநடுவே டிக்கெட்டும் கொடுக்க வேண்டும்.

அப்படி என்ன உசத்தியான வண்டிகள் என்று பார்த்தால், ஒன்றுக்கொன்று சளைத்தது கிடையாது. தெருவுக்குத் தண்ணீர் தெளிக்கிற டிராம் ஒன்று இருந்தது, அதன் குழாய் எப்போதும் அடைத்துக்கொண்டே இருக்கும், வெள்ளைச் சட்டை போட்டவர் யாராவது எதிரே வந்தால் மட்டும் அடைப்பு நீங்கிவிடும். நடு இடுப்பு மடங்குகிற நீள பஸ் ஒன்று வாங்கினார்கள், அதன் முன்பாதி திரும்பிய தெருவுக்குப் பின்பாதி வர மறுக்கும். மாடி பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்து போனவர்கள் வீடு சேரும்போது தலையில் இலையோடுதான் சேருவார்கள். எல்லாவற்றிலும் பாவம் அந்தக் கொம்பு வண்டி. மேலே கம்பியிலிருந்து கரண்ட் வாங்கும், கீழே ரப்பர் டயரில் ஓடும். டிராம்காரர்கள் அதைக் கொம்பு முளைத்த பஸ் என்றார்கள், பஸ்காரர்கள் அதைத் தண்டவாளத்தைத் தொலைத்த டிராம் என்றார்கள். ஷெட்டிலும் இடம் கொடுக்கவில்லை, ஒர்க்‌ஷாப்பிலும் இடம் கொடுக்கவில்லை, அது பாட்டுக்கு மழையில் நின்றது. இவை தவிர ஏணி வண்டி என்று ஒன்று, மேலே போகிற கம்பி அறுந்தால் ஏறிக் கட்டுவதற்கும், மாடி பஸ்ஸில் உரசுகிற கிளையை எப்போதாவது வெட்டுவதற்கும். அதற்கு எண்ணே கிடையாது, அதை ஒரு வண்டியாகவே யாரும் மதித்ததில்லை.

உன் அப்பாவின் கதைக்கு வருகிறேன். டிராமில் ஸ்டியரிங் கிடையாது, போ, நில், மணியடி, அவ்வளவுதான் வேலை. டிராம் நின்றதும் அவரை பஸ் ஓட்டப் பழகச் சொன்னார்கள். பழகினார், நன்றாகவே பழகினார். ஆனால் முன்னால் ஒரு லாரி நின்றால் ஒதுங்கிப் போக மாட்டார். பின்னால் நிறுத்திவிட்டு வலது காலால் தரையை ஓங்கி மிதிப்பார், டிராமில் அங்கேதான் மணி இருக்கும். பஸ்ஸில் அந்த இடத்தில் வெறும் தகரம்தான். லாரிக்காரர் சாப்பிட்டு, கை கழுவி, பல் குத்திக்கொண்டு வந்து வண்டியை எடுக்கும்வரை இவர் மிதித்துக்கொண்டே இருப்பார். நான் போய்ச் சுற்றிக்கொண்டு போனால் என்ன என்று கேட்டால், வழியில ஒருத்தன் நின்னா நகர வேண்டியது அவன்தானே, நான் ஏன் வளையணும் என்பார். வீட்டிலும் இப்படியே நிற்பதைப் பார்த்துத்தான் இது டிராம் பழக்கமில்லை, இவர் பிறவிக் குணமே இதுதான் என்று எனக்குப் புரிந்தது. கம்பெனியும் தலையில் அடித்துக்கொண்டு கடைசியில் அவரை பிரேக்டவுன் லாரிக்கு மாற்றியது. நடுரோட்டில் நின்றுபோன வண்டியைத் தேடிப் போய், அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை. அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

கம்பெனியை மூடிய பிறகு வண்டிகளெல்லாம் டெப்போவிலேயே கிடந்தது உனக்குத் தெரியும். இப்போது டெப்போவை நூலகமாக்கப் போகிறார்கள். மொத்த வண்டியும் பழைய இரும்புக்குப் போகிறது. நகரசபை மட்டும் பெரிய மனது பண்ணி, ஒரே ஒரு வண்டியை வாசலில் மேடை கட்டி ஞாபகமாக வைக்கிறோம், எதை வைப்பது என்று ஓய்வு பெற்றவர்கள் சங்கமே கூடி ஏகமனதாக முடிவு செய்து சொல்லட்டும் என்று அறிவித்துவிட்டது. ஏகமனதாக! அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் சிரித்த சிரிப்பில் உன் தங்கை அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். சங்கத்தில் டிராம் ஆட்கள் பாதி, பஸ் ஆட்கள் பாதி. கண்டக்டர்கள் ஒருவர்கூடக் கிடையாது, டிரைவர்கள் பேசுவதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டதே போதும் என்று நாங்கள் யாரும் சேரவில்லை. தலைவர் பழைய டைம் கீப்பர், யார் மனதும் நோகக் கூடாது என்று எதிலும் முடிவு சொல்லாமலே தலைவராக நீடிக்கிறவர். டிராம் கட்சிக்கு உன் அப்பா, பஸ் கட்சிக்கு ஃபோர்மேன். உன் அப்பா டிராம்தான் ஏற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஃபோர்மேன் மாடி பஸ்தான் என்று இன்னொரு காலில் நின்றார்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் கல்யாணத் தேதி பேச நம் வீட்டுக்கு வந்தார்கள். வண்டியைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று உன் அப்பாவிடம் நான் சத்தியம் வாங்கியிருந்தேன், ஃபோர்மேனிடம் அவர் சம்சாரமும் வாங்கியிருந்தாராம். இருவரும் நல்ல பிள்ளைகளாக எதிரெதிரே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள். நானும் அந்த அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டோம். மழை பெய்தால் தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்றார் உன் அப்பா. ஆமாம், முழங்கால் அளவுக்குத் தேங்குகிறது என்றார் அவர். அந்தக் காலத்திலும் இப்படித்தான் தேங்கும் என்றார் இவர். நான் பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு நடுவில் ஓடினேன், அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. தண்ணியில நின்ன டிராமுலேர்ந்து ஆளுங்கள எறக்கி எங்க பஸ்லதான கூட்டிட்டு வந்தோம் என்று ஃபோர்மேன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உங்க பஸ்சு தண்ணியில நின்னதே இல்ல, வாஸ்தவம், தண்ணி இருக்கிற எடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே நின்னுரும், நான்தான் போய் இழுத்துட்டு வருவேன் என்றார் உன் அப்பா. பிறகு நடந்ததை முழுசாக எழுதினால் தபால்காரர் கூச்சப்படுவார். கடைசியில் ஃபோர்மேன் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, பொண்ணு தங்கம், அவங்கம்மாவும் தங்கம், ஆனா இந்தாளு வாயிலேர்ந்து ஒத்துக்குறேன்னு வரணும், மேடையில எங்க மாடி பஸ் ஏறட்டும், அப்புறம் கல்யாணத்தப் பேசலாம் என்றார். டிராம் ஏறாம இந்த வீட்டுல கல்யாணமே கெடையாது என்றார் உன் அப்பா. அதாவது, எந்த வண்டி ஏறினாலும் உன் தங்கை கல்யாணம் நின்றது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். எல்லாக் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டுபோய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, துடைத்து, அடுக்கி, மறுபடியும் எடுத்துக் கழுவினாள். நம் வீட்டில் யார் கோபித்துக்கொண்டாலும் பாத்திரம் உடையும், உனக்கே தெரியும், அன்றைக்கு ஒன்றுகூட உடையவில்லை. அதற்கப்புறம் அப்பாவுக்குச் சாப்பாடு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. உன் அப்பாவும் வீம்புக்குச் சாப்பிட்டுவிட்டு வீம்புக்குப் படுத்துக்கொள்வார். நான் நடுவில் இருந்துகொண்டு, உப்பு வேணுமான்னு கேளு என்று அவள் சொல்வதை இவரிடமும், போதும்னு சொல்லு என்று இவர் சொல்வதை அவளிடமும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்திலோ கையைத் தூக்கச் சொன்னால் சரிபாதி கை அங்கேயும் சரிபாதி கை இங்கேயும் என்று ஒவ்வொரு தடவையும் வந்தது. டைம் கீப்பருக்கு வேறு வழி தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கட்சியும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், எது முதலில் மேடை வாசலைத் தாண்டுகிறதோ அது, அன்றைக்கே நகரசபை அதிகாரியும் வந்து பார்த்துவிடட்டும் என்று சொல்லிவிட்டார். நானும் ஃப்ளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு போனேன். யாராவது ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் பக்கத்தில் ஆள் வேண்டுமே. டிராம் ஷெட்டுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவில் ஒரே ஒரு சந்து, ஒரு பக்கம் ஸ்டோர் சுவர், இன்னொரு பக்கம் மதில், மதிலின் நடுவில் மேடைக்குப் போகிற வாசல். டிராமுக்கு இப்போது கரண்ட் எங்கே இருக்கிறது, அதனால் உன் அப்பா பழைய பிரேக்டவுன் லாரியைக் கிளப்பி, இரும்புக் கம்பி போட்டு டிராமைக் கட்டி, ஷெட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார். தலைக்குத் தொப்பிகூடப் போட்டிருந்தார். டிராமுக்குள் உன் தங்கை உட்கார்ந்திருந்தாள், அப்பாவைத் தனியாக விட மனமில்லை, அவரோடு பேசவும் மனமில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஃபோர்மேன் மாடி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தார், அதில் பையன். இரண்டு வண்டியும் நடு வாசலுக்கு ஒரே நேரத்தில் வந்து, மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி நின்றன. இவர் திரும்ப முடியாமல் அவர் மறிக்கிறார், அவர் திரும்ப முடியாமல் இவர் மறிக்கிறார். யாராவது ஒருவர் கொஞ்சம் பின்னால் போனால் தீர்ந்தது.

போவார்களா? உன் அப்பா தரையை மிதிக்க ஆரம்பித்தார். ஃபோர்மேன் ஹாரனை அழுத்தினார், அது கரகரவென்று ஏதோ சொல்லிவிட்டு ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெயில் ஏறியதும் இரண்டு பேருக்குமே பின்னால் போகலாமே என்றுகூடத் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் இன்னொரு சிக்கல் வந்தது. கம்பெனியில் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டுமானால் கண்டக்டர் இறங்கி, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து, மூன்று விசில் கொடுக்க வேண்டும். மூன்றாவது விசில் காதில் விழாமல் ரிவர்ஸ் கியரைத் தொட்ட டிரைவருக்கு வேலை போய்விடும். ஒரு தடவை ஒரு கண்டக்டர் வழியிலேயே மயங்கி விழுந்துவிட்டார், அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அந்த டிரைவர் இன்னொரு கண்டக்டர் வரும்வரை முட்டுச்சந்தில் பொழுது சாயும்வரை நின்றார், பின்னால் ஒரு பூனைகூட இல்லை. அந்த வழக்கம் இவர்கள் எலும்பில் ஊறிக் கிடக்கிறது. கம்பெனி இல்லை, வேலை இல்லை, போவதற்கு ஒன்றுமே இல்லை, ஆனாலும் விசில் இல்லாமல் பின்னால் எடுக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை. சங்கத்துக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று கத்தினார்கள், டைம் கீப்பர் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்றார்.

அப்போதுதான் உன் தங்கை டிராமிலிருந்து இறங்கினாள், பையன் பஸ்ஸிலிருந்து இறங்கினான், இரண்டு பேரும் ஓரத்தில் கிடந்த பழைய டயர்கள் மேல் போய் உட்கார்ந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தபோது இருவரும் குலுங்கிச் சிரிக்கிற மாதிரி இருந்தது, சரி, பிள்ளைகளாவது வேடிக்கை பார்க்கட்டும் என்று டீயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அவன்தான் சிரித்துக்கொண்டிருந்தான், அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், ஏம்மா, நான் இவங்களுக்கு ஒரு வண்டி அளவுக்குக்கூட இல்லையா என்றாள். ஃப்ளாஸ்க்கை அவள் மடியில் வைத்தேன். பிறகு வந்தது பார், கோபம்.

என் விசில் இன்னும் கைப்பையில்தான் கிடக்கிறது, பக்கத்து வீட்டு நாயை விரட்ட உதவும். அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு வண்டிக்கும் நடுவில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் இரண்டு பேர் முகமும் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. விசில் குடு என்று இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார், குடும்மா தங்கச்சி என்று அவர் அந்தப் பக்கம் தலையை நீட்டினார். குடுக்கிறேன், கல்யாணத் தேதியச் சொல்லுங்க என்றேன். மொதல்ல வண்டி விஷயம் முடியட்டும் என்றார் ஃபோர்மேன். வண்டியப் பத்தி இனி ஒரு வார்த்தை வந்துச்சுன்னா நான் விசிலக் கொண்டுபோய்ச் சாக்கடையில போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவேன், நீங்க ரெண்டு பேரும் இங்கேயே குடித்தனம் பண்ணுங்க என்றேன். அவர் சம்சாரம் கூட்டத்திலிருந்து, சரியாச் சொன்னீங்க, இவருக்கு ராத்திரி போர்வைகூட அனுப்ப மாட்டேன் என்று குரல் கொடுத்தார். ஃபோர்மேன் ஸ்டியரிங்கைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். எனக்கென்ன, பதினெட்டாந்தேதி வெச்சாலும் சரிதான், அவர் சொல்லட்டும் என்றார்.

உன் அப்பா தரையை மிதிப்பதை நிறுத்தியிருந்தார். நான் லாரிப் படியில் ஏறி ஜன்னல் பக்கம் போனேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இன்னும் என்ன என்று கேட்டேன். மெதுவாக, அவன் வேலைக்குப் போற ஊரு எவ்வளவு தூரம்னு தெரியுமா உனக்கு என்றார். இத்தனை நாளும் நான் டிராமுக்காகத்தான் சண்டை போடுகிறார் என்று நினைத்திருந்தேன். டிராமுக்காகவும்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் இழுத்துக்கொண்டே போனால் அந்தப் பையன் தனியாகக் கிளம்பிப் போய்விடுவான் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியிருக்கிறது. பெரியவன் போயாச்சு, இவளும் போயிட்டா நீயும் நானும் யாரோட பேசறது என்றார். நாம ரெண்டு பேரும் பேசிக்கலாமே என்று சொல்ல வந்தேன், சொன்னால் நம்ப மாட்டார் என்று விட்டுவிட்டேன். அவ போகத்தான் போறா, அழுதுக்கிட்டுப் போறதா சிரிச்சுக்கிட்டுப் போறதாங்கிறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு என்றேன். டயர் மேல் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, பதினெட்டுன்னா பதினெட்டு, ஊர் கேக்குற மாதிரி விசில ஊது என்றார்.

ஊதினேன். மூன்று விசில், அந்தக் காலத்து மாதிரி, காதைப் பிளக்கிற மாதிரி. இதில் நான் ஒன்றை யோசிக்கவில்லை. எந்த வண்டிக்கு விசில் என்று சொல்லவில்லை. மூன்றாவது விசில் முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரிவர்ஸ் போட்டுவிட்டார்கள். இரண்டு பேருமே பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, பார்ப்பது கண்டக்டர் வேலையாம். லாரி முட்டித் தள்ள, டிராம் தண்டவாளத்தோடு சமர்த்தாக ஷெட்டுக்குள் போய்க் கடைசிச் சுவரில் மோதி நின்றது, மேலேயிருந்த தகரம் நாலைந்து விழுந்து ஷெட் வாசலே மூடிக்கொண்டது. மாடி பஸ் கோணலாகப் போய்க் கொம்பு வண்டியை இடித்தது, இத்தனை வருஷம் அமைதியாக நின்ற அது இரண்டு கொம்பையும் பஸ்ஸின் மாடி ஜன்னலுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டது, இன்றுவரை பிரிக்க முடியவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, கடவுள் புண்ணியம். நடுச் சந்து மட்டும் துடைத்த மாதிரி காலியாகக் கிடந்தது.

அந்த நேரத்துக்கு நகரசபை அதிகாரி வந்து சேர்ந்தார், சின்ன வயசுப் பெண், கழுத்தில் கேமரா. நேராக மேடைக்குப் போனார். மேடையில் ஏணி வண்டி நின்றது. வாசல் பலகைக்குப் பெயின்ட் அடிக்கிறவர் ஏறி நின்று அடிக்க வசதியாக இருக்கிறதென்று முந்தின நாளே அதைத் தள்ளிக்கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பெண் நாலு பக்கமும் சுற்றி வந்து படம் எடுத்தார். நான் டிராமோ பஸ்ஸோன்னு நெனச்சேன், ரெண்டு பேருக்கும் பொதுவா உழைச்ச வண்டியா பார்த்து ஏத்தியிருக்கீங்களே, எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு என்று கண் கலங்கிச் சொன்னார். யார் முகத்திலும் ஈயாடவில்லை. டைம் கீப்பர் மட்டும் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு முடிவு எடுத்து, ஆமாம்மா, ஏகமனதா எடுத்தது என்று சொல்லி அங்கேயே கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அதிலிருந்து உன் அப்பாவும் சம்பந்தியும் இணைபிரியாமல் திரிகிறார்கள். பொதுவாக ஒரு எதிரி கிடைத்துவிட்டானே. காலையில் இருவரும் டெப்போ வாசலில் நின்று ஏணி வண்டியைத் திட்டுவார்கள், பிறகு நம் வீட்டில் வந்து காபி குடிப்பார்கள். முதலில் பின்னால் போனது யார் என்பதில் மட்டும் இன்னும் தகராறு இருக்கிறது. ஒருவர் சொல்லும்போது இன்னொருவர் காபியைக் கீழே வைக்காமல் இருந்தால் போதும் என்று நானும் அந்த அம்மாவும் விட்டுவிட்டோம். உன் தங்கை அப்பாவோடு பேச ஆரம்பித்துவிட்டாள். சேர்த்துவைத்ததையெல்லாம் ஒரே நாளில் பேசினாள், அவர் முழங்கால் வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, சாயங்காலம் எல்லோருக்கும் சாப்பாடு. ஊர் முழுக்க டிக்கெட் கொடுத்தவள் பெற்ற பிள்ளையிடம் டிக்கெட் எடுடா என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாதே, கேட்டால் கிடைக்கும், கேட்கிற மாதிரி கேள். வரும்போது சாக்லேட் மூட்டையெல்லாம் வேண்டாம், நல்லதாக ஒரு சட்டை போட்டுக்கொண்டு வா, போன தடவை காலர் கிழிந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று உன் அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தங்கை அறைக்குள் போனார், இத்தனை வருஷமாகத் திறக்காமல் கிடந்த ஜன்னலைத் தட்டித் தட்டித் திறந்தார். கல்யாணம் ஆகிப் போகிறவளுக்கு இப்போது எதற்கு என்று கேட்டேன். வந்து தங்கறப்ப காத்து வரணும்ல என்றார். சரி என்று நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். சற்று நேரத்தில் நடையில் சத்தம் கேட்டது, எட்டிப் பார்த்தால் உன் அறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நன்றாக இருக்க வேண்டும். உனக்கு எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உண்டு. டிக்கெட் எடுத்ததும் எனக்குப் போன் பண்ணாதே, உன் அப்பாவுக்குப் பண்ணு. சரி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அதற்காக வருத்தப்படாதே, அதற்கு மேல் அவரால் பேச முடியாது.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா